மானிட்டர் பொத்தானைத் தொடாமல், டெர்மினலிலிருந்தே திரையின் வெளிச்சத்தை மாற்றுவது எப்படி?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் மேசை மேற்குப் பார்த்த சன்னலை ஒட்டி இருக்கிறது. பன்னிரண்டாவது மாடி, எதிரே மறைக்க வேறு புளோக் கிடையாது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக மேசையில் விழும். திரையில் எழுத்துக்குப் பதில் என் முகம்தான் தெரியும். வெளிச்சத்தை 90க்கு ஏற்றுவேன். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அதே 90 கண்ணைக் குத்தும். மானிட்டரின் கீழ் விளிம்புக்குப் பின்னால் ஐந்து பொத்தான்கள், ஐந்தும் ஒரே வடிவம். விரலால் தடவி, மெனுவைத் திறந்து, நாலு தடவை கீழே இறங்கி, வலப்பக்கம் போய், முப்பது முறை அழுத்தி, கடைசியில் ஒரு பொத்தான் தவறினால் மானிட்டரே அணைந்துவிடும்.

இதை டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் சன்னலில், ஒரே வரியில் செய்ய முடியும் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பொத்தான்களை நான் அதிகம் தொடுவதில்லை. சென்ற மாதம் என் அக்கா மகன் போன் செய்தான். திருச்சியிலிருந்து வந்து இங்கே சிங்கப்பூரில் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு, மானிட்டரும் வாங்கி மாட்டியிருந்தான்.

"மாமா, செட்டிங்ஸ்ல வெளிச்சத்தைக் குறைக்கிற இடமே இல்லையே?"

"அது லேப்டாப் திரைக்குத்தான் வரும்ப்பா. தனி மானிட்டருக்கு வேற வழி இருக்கு. டெர்மினலைத் திற, சொல்றேன்."

அன்று போனில் வாயால் சொல்லிச் சொல்லித்தான் அவனைத் தட்டச்சுச் செய்ய வைத்தேன். இந்தக் கட்டுரையும் அதே முறையில்தான் போகிறது. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில், சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சுச் செய்துகொள்ளுங்கள். குழப்பம் வரக்கூடிய சொல்லுக்கு எழுத்துக் கூட்டியும் சொல்லிவிடுகிறேன்.

மானிட்டருக்கும் காது உண்டு

எச்டிஎம்ஐ கேபிள் படத்தை மட்டும் கொண்டுபோகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் 15ஆவது, 16ஆவது பின்கள் படத்துக்கானவை அல்ல. கம்ப்யூட்டரும் மானிட்டரும் மெதுவாகப் பேசிக்கொள்ள விட்ட இரண்டு கம்பிகள் அவை. புது மானிட்டரை மாட்டியதுமே அதன் பெயரும் தெளிவுத்திறனும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடுவது இந்தக் கம்பிகளால்தான். பழைய விஜிஏ கேபிளிலும் இது உண்டு. டிஸ்பிளேபோர்ட்டில் தனிக் கம்பிகளுக்குப் பதில் ஆக்ஸ் என்ற துணைத் தடம் அந்த வேலையைப் பார்க்கிறது.

வேசா என்ற தரநிலை அமைப்பு 1994இல் இந்த ஏற்பாட்டுக்கு டிடிசி என்று பெயர் வைத்தது. அப்போது மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும், கம்ப்யூட்டர் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். 1998இல் டிடிசி-சிஐ வந்தபின் கம்ப்யூட்டரும் மானிட்டருக்குக் கட்டளை இட முடிந்தது. வெளிச்சம், கான்ட்ராஸ்ட், ஒலி அளவு, எந்த உள்ளீட்டைக் காட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்களில் மூன்றை நினைவில் வைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது: வெளிச்சத்துக்கு 10, கான்ட்ராஸ்ட்டுக்கு 12, உள்ளீட்டுக்கு 60. மானிட்டருக்குள்ளேயே ஸ்பீக்கர் இருந்தால் அதன் ஒலி அளவுக்கு 62.

நிறுவுவது

லினக்ஸில் இதற்கான கருவியின் பெயர் டிடிசியூட்டில். டெல்லியின் டி இரண்டு முறை, சி, யூ, டேபிளின் டி, ஐ, எல். மொத்தம் ஏழு எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. உபுண்டு, டெபியன் இரண்டிலும்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிடிசியூட்டில்

சூடோ என்பது எஸ், யூ, டி, ஓ. நிர்வாகி உரிமையோடு செய் என்று பொருள். ஃபெடோரா என்ற லினக்ஸில் ஆப்டுக்குப் பதில் டிஎன்எஃப். அடுத்து, அந்த இரண்டு கம்பிகளோடு பேசுவதற்கு, லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள பகுதியைத் தட்டி எழுப்ப வேண்டும்:

சூடோ மோட்புரோப் ஐ2சி-டெவ்

ஐ, எண் 2, சி, ஒரு சிறு கோடு, அப்புறம் டி, இ, வி. ஏற்கெனவே விழித்திருந்தால் எதுவும் சொல்லாது. அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

முதலில் கேளுங்கள், அப்புறம் கட்டளையிடுங்கள்

புதிதாக வருபவர்கள் நேராக வெளிச்சத்தைக் குறைக்கப் பாய்வார்கள். வேண்டாம். மானிட்டர் பதில் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள்:

டிடிசியூட்டில் டிடெக்ட்

ஒன்றிரண்டு நொடி எடுத்துக்கொள்ளும். இந்தக் கம்பிகளில் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே காத்திருக்க வேண்டும் என்பது தரநிலையிலேயே உள்ள விதி. அப்புறம் டிஸ்பிளே 1 என்று தலைப்பிட்டு, எந்த ஐ2சி பஸ் (அந்த இரண்டு கம்பிகளின் தடம்), தயாரிப்பாளர் குறி, மாடல், வரிசை எண் எல்லாம் வரும். லேப்டாப்பில் இதைச் செய்தால் அதன் சொந்தத் திரை "இன்வேலிட் டிஸ்பிளே" என்ற தலைப்பின் கீழ் வரும். பயப்பட வேண்டாம். லேப்டாப் திரைக்கு இந்தப் பேச்சு கிடையாது. அதற்குப் பிரைட்னஸ்சிடிஎல் என்ற வேறு கருவி இருக்கிறது.

அனுமதி இல்லை என்று பதில் வந்தால், அதே கட்டளையின் முன்னால் சூடோ சேர்த்துப் பாருங்கள். சூடோவோடு வேலை செய்து, இல்லாமல் செய்யாவிட்டால் உங்கள் பயனர் கணக்கை ஐ2சி குழுவில் சேர்க்க வேண்டும்:

சூடோ யூசர்மாட் -ஏஜி ஐ2சி உங்கள்பெயர்

இங்கே ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. ஏ விட்டுப்போனால் மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் உங்கள் பெயர் நீங்கிவிடும், சூடோ உரிமையும் சேர்ந்தே போகும். இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். முடிந்ததும் லாக்அவுட் செய்து திரும்ப வந்தால்தான் மாற்றம் தெரியும். புதிய பதிப்புகளில் கருவியை நிறுவும்போதே அனுமதியும் வந்துவிடுகிறது. அப்போது இந்தப் படி தேவைப்படாது.

இப்போது இருக்கும் வெளிச்சத்தைக் கேளுங்கள்:

டிடிசியூட்டில் கெட்விசிபி 10

கெட் என்ற ஆங்கிலச் சொல்லும் வி, சி, பி என்ற மூன்று எழுத்தும் ஒட்டி வரும். பதிலில் இரண்டு எண்கள் இருக்கும்: இப்போதைய அளவு, உச்ச அளவு. பெரும்பாலான மானிட்டர்களில் உச்சம் 100. ஆனால் எல்லாவற்றிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் கேட்டுவிட்டு மாற்றச் சொல்கிறேன். மாற்ற:

டிடிசியூட்டில் செட்விசிபி 10 40

என்டர் தட்டியதும் திரை மங்கும். முதல் முறை அதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி தனி. அக்கா மகன் போனிலேயே கத்தினான். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற இறக்க, 10க்குப் பின் ஒரு இடைவெளி, கூட்டல் குறி, ஒரு இடைவெளி, 5 என்று போடுங்கள். குறைக்க அதே இடத்தில் கழித்தல் குறி.

உங்கள் மானிட்டர் வேறு எதற்கெல்லாம் செவிசாய்க்கும் என்று அறிய:

டிடிசியூட்டில் கேப்பபிலிட்டீஸ்

நீளமான பட்டியல் வரும். அதில் தெரியும் எண்களையெல்லாம் ஆசைக்காக மாற்றிப் பார்க்காதீர்கள். 04 தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும். இ0 முதல் எஃப்எஃப் வரையுள்ளவை அந்தந்தத் தயாரிப்பாளர் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டவை. என்ன செய்யும் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. விளையாடித்தான் பார்க்க வேண்டும் என்றால் டம்ப்விசிபி என்ற கட்டளையோடு ஒரு கோப்பின் பெயரைக் கொடுங்கள். வண்ணம் தொடர்பான அமைப்புகள் அந்தக் கோப்பில் போய் உட்காரும். லோட்விசிபி அவற்றைத் திரும்ப ஏற்றும்.

மங்கலாக்குவது வேறு, விளக்கைக் குறைப்பது வேறு

இணையத்தில் தேடினால் எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளையில் பிரைட்னஸ் 0.5 என்று கொடுக்கச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். திரையும் மங்கும். ஆனால் அங்கே மானிட்டருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. பின்விளக்கு முழு வேகத்தில் எரிந்துகொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் அனுப்பும் படத்தின் நிறங்களைத்தான் இருட்டாக்கியிருக்கிறார்கள். சன்னல் முழுக்க வெயிலை விட்டுவிட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்ட மாதிரி.

இதை நீங்களே பார்க்கலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, முழுக்கக் கறுப்பான ஒரு படத்தைத் திரை நிறையத் திறந்து வையுங்கள். சாதாரண எல்சிடி மானிட்டர் என்றால் அந்தக் கறுப்பு உண்மையில் சாம்பலாகத்தான் இருக்கும். ஓரங்களில் வெளிச்சம் கசியும். எக்ஸ்ரேண்டரால் 0.5 ஆக்குங்கள்: சாம்பல் அப்படியே இருக்கும். அதைப் பழையபடி 1 ஆக்கிவிட்டு, டிடிசியூட்டிலால் வெளிச்சத்தை 10க்கு இறக்குங்கள்: சாம்பல் வற்றி, கறுப்பு கறுப்பாகிவிடும். பின்விளக்கு இறங்கினால் மின்சாரமும் குறைகிறது. புதிய லினக்ஸ்களில் திரையைக் கையாளும் வேலாண்ட் என்ற ஏற்பாட்டில் எக்ஸ்ரேண்டரின் அந்த வழி எடுபடவும் எடுபடாது. கண்ணுக்காகச் செய்கிற வேலை என்றால் விளக்கையே குறையுங்கள்.

ஒரே மானிட்டர், இரண்டு கம்ப்யூட்டர்

நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் ஆளுக்கொரு மேசை போட இடம் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் பகலில் என் அலுவலக லேப்டாப், மாலையில் மகளின் பாடத்துக்கு வீட்டுக் கம்ப்யூட்டர், இரண்டுக்கும் ஒரே மானிட்டர். லேப்டாப் எச்டிஎம்ஐயில், வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்பிளேபோர்ட்டில். இங்கேதான் 60 என்ற எண் கைகொடுக்கிறது.

தரநிலைப்படி டிஸ்பிளேபோர்ட் முதலாவது 15, இரண்டாவது 16, எச்டிஎம்ஐ முதலாவது 17, இரண்டாவது 18. ஆனால் கேப்பபிலிட்டீஸ் பட்டியலைத் திறந்தால் எச்டிஎம்ஐக்கு நேரே 11 என்று இருக்கும். அது ஹெக்ஸ் எண். பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கு. அங்கே 11 என்றால் நம் கணக்கில் 17. பலர் பட்டியலில் பார்த்த 11ஐ அப்படியே கொடுத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறார்கள். 60, 10 போன்ற குறியீட்டு எண்களைக் கருவி எப்போதும் ஹெக்ஸாகவே படிக்கும். அதற்குப் பின் நீங்கள் கொடுக்கும் மதிப்பைச் சாதாரண எண்ணாகப் படிக்கும். ஆகவே:

டிடிசியூட்டில் செட்விசிபி 60 17

பட்டியலில் உள்ளபடியே கொடுக்க விரும்பினால் முன்னால் சுழியமும் எக்ஸ் எழுத்தும் சேருங்கள், 0எக்ஸ்11 என்று. யூஎஸ்பி-சி உள்ளீட்டுக்குத் தயாரிப்பாளர்கள் வெவ்வேறு எண் வைத்திருக்கிறார்கள். அதை அறிய, பொத்தானால் அந்த உள்ளீட்டுக்கு மாறிவிட்டு, அங்கிருந்து கெட்விசிபி 60 கேட்டுப் பாருங்கள்.

உள்ளீட்டை மாற்றிப் பழகும்போது திரை கறுத்துப்போய் வழி தெரியாமல் நிற்க நேரும். அதனால் போகும் கட்டளையோடு திரும்பிவரும் கட்டளையையும் ஒரே வரியில் எழுதுங்கள்:

டிடிசியூட்டில் செட்விசிபி 60 17; ஸ்லீப் 15; டிடிசியூட்டில் செட்விசிபி 60 15

போய், பதினைந்து நொடி இருந்து, தானே திரும்பிவரும். வராவிட்டால் உங்கள் மானிட்டர் தற்போது காட்டாத கேபிளின் பேச்சைக் கேட்பதில்லை என்று பொருள். சில மானிட்டர்கள் அப்படித்தான். அப்போது திரும்பிவரும் கட்டளையை எதிர்ப்பக்கக் கம்ப்யூட்டரிலிருந்துதான் கொடுக்க வேண்டும், அல்லது பொத்தானை அழுத்த வேண்டும். அலுவலக லேப்டாப்பில் நம் இஷ்டத்துக்கு மென்பொருள் நிறுவக் கூடாது என்பதால், வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றே இரண்டு பக்கமும் மாற்றுகிற மானிட்டர் கிடைத்தால் நல்லது. மானிட்டர் வாங்குவதற்கு முன் சிம் லிம் ஸ்குவேர் போன்ற மின்னணுக் கடையிலேயே மெனுவைத் திறந்து டிடிசி-சிஐ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று சின்ன டிவியை மானிட்டராக மாட்டுபவர்கள் கவனிக்க: டிவிகளில் பெரும்பாலும் இது கிடையாது.

பதிலே வரவில்லை என்றால்

முதலில் மானிட்டரின் மெனு. டிடிசி-சிஐ அங்கே அணைக்கப்பட்டிருக்கலாம். இயக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அடுத்தது நடுவில் இருக்கும் பொருள்கள்: லேப்டாப்பை மாட்டும் டாக், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன அடாப்டர், இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு என்று மாற்றும் கேவிஎம் பெட்டி. படத்தை ஒழுங்காகக் கடத்தும் பெட்டி இந்தப் பேச்சை மட்டும் விட்டுவிடக்கூடும். எல்லாவற்றையும் கழற்றி, ஒரே கேபிளில் நேராக மாட்டிச் சோதியுங்கள். பதில் விட்டுவிட்டு வந்தால் கட்டளையில் ஸ்லீப்-மல்ட்டிபிளையர் 2 என்ற தெரிவைச் சேருங்கள், முன்னால் இரண்டு சிறு கோடுகளோடு. மானிட்டர் நிதானமாகப் பதில் சொல்ல அவகாசம் கிடைக்கும்.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் டிஸ்பிளே 1, டிஸ்பிளே 2 என்ற எண்களை நம்ப வேண்டாம். கேபிளை மாற்றினால் எண்ணும் மாறலாம். டிடெக்ட் காட்டிய வரிசை எண்ணை எஸ்என் தெரிவில் கொடுத்தால் ஆள் மாறாது. இதற்கும் முன்னால் இரண்டு சிறு கோடுகள்.

மேக், விண்டோஸ் பக்கம்

மேக்கில் ஆப்பிள் சிலிக்கான் சிப் இருந்தால் ஹோம்புரூ என்ற நிறுவும் கருவி வழியாக எம்1டிடிசி நிறுவி, எம்1டிடிசி செட் லூமினன்ஸ் 40 என்று கொடுக்கலாம். எம்1 மேக் மினியின் எச்டிஎம்ஐ துளை வழியாக இது நடக்காது. யூஎஸ்பி-சி துளையில் மாட்ட வேண்டும். விண்டோஸில் நிர்சாஃப்ட் தரும் கண்ட்ரோல்மைமானிட்டர் இலவசம். நிரலின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு, அதோடு ஒட்டி செட்வேல்யூ, இடைவெளி விட்டு பிரைமரி, 10, 40. எண்கள் எல்லா இடத்திலும் அதே எண்கள்தான்.

சிங்கப்பூர்ச் சூரியனும் கிரானும்

குளிர்நாடுகளில் இருப்பவர்கள் இந்த வேலையைத் தானாக நடக்க வைக்கச் சூரிய உதயக் கணக்கையெல்லாம் எழுத வேண்டியிருக்கும். கோடையில் ஒன்பது மணிக்கு இருட்டும், குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறோம். 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து, ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியே உதித்து ஏழு மணியை ஒட்டியே மறைகிறது. குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே இயக்கும் கிரானில் நேரத்தை ஒரு முறை எழுதினால் போதும்.

விச் டிடிசியூட்டில் என்று கொடுத்துக் கருவியின் முழு முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிரான்டேப் -இ என்று திறந்து, மூன்று வரி சேருங்கள்:

0 8 * * * முழுமுகவரி செட்விசிபி 10 60
0 15 * * * முழுமுகவரி செட்விசிபி 10 90
15 19 * * * முழுமுகவரி செட்விசிபி 10 25

முதல் எண் நிமிடம், இரண்டாவது மணி. முழுமுகவரி என்ற இடத்தில் குறித்துவைத்ததைப் போடுங்கள். 90, 25 எல்லாம் என் மேசைக்கு ஒத்துவந்த அளவுகள். கிழக்குப் பார்த்த வீடு என்றால் காலையில்தான் ஏற்ற வேண்டியிருக்கும். பல மானிட்டர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் தன் நினைவகத்தில் எழுதி வைக்கும், அதில் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. நாளுக்கு மூன்று, பத்து முறை என்றால் கவலை இல்லை. நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றும் நிரல் எழுத வேண்டாம்.

டிசம்பர் மழையில் மூன்று மணிக்கே வானம் கறுத்துவிடும். அப்போது கிரான் ஏற்றிய 90 தாங்காது. அதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் அக்கா மகனுக்கும் கடைசியாகச் சொன்னேன். வீட்டுக் கோப்புறையில் பாஷ்ஆர்சி என்ற கோப்பு இருக்கும், பெயர் புள்ளியில் தொடங்கும். அதன் அடியில் இரண்டு வரி. ஏலியாஸ் என்பது நீளமான கட்டளைக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர்:

ஏலியாஸ் வெயில்='டிடிசியூட்டில் செட்விசிபி 10 90'
ஏலியாஸ் இரவு='டிடிசியூட்டில் செட்விசிபி 10 25'

இங்கே ஏலியாஸும் மேற்கோளுக்குள் இருப்பதும் ஆங்கில எழுத்தில். வெயில், இரவு இரண்டும் தமிழிலேயே. சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடாதீர்கள். கோப்பைச் சேமித்துவிட்டுப் புது டெர்மினல் திறந்து, தமிழ் விசைப்பலகைக்கு மாறி, இரவு என்று அடித்து என்டர் தட்டுங்கள். டெர்மினலில் தமிழ் எழுத்து கொஞ்சம் பிரிந்து தெரியலாம், உயிர்மெய்க் குறிகள் தள்ளி நிற்கலாம். திரை மங்கிவிடும்.